போட்டாதாங்கில் மச்சான் படை வாபஸ்

ரங்கூனில் ஓடுகிற கார்கள் எல்லாம் ஜப்பானில் ஓடி ஓய்ந்தவை. ஸ்டியரிங்கும் வலப் பக்கம், சாலையில் ஓடுவதும் வலப் பக்கம். முன்னால் போகும் பஸ்ஸை முந்த வேண்டுமென்றால் டிரைவருக்கு எதிரே வருவது தெரியாது. இடப் பக்கம் உட்கார்ந்திருக்கிற பயணிதான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். விமான நிலையத்திலிருந்து போட்டாதாங் வந்து சேர்வதற்குள் "வருது, வருது! ஐயோ, பொறு! சரி, இப்போ போ!" என்று நான் போட்ட கூச்சலில் தொண்டை கட்டிவிட்டது. டிரைவருக்குத் தமிழ் தெரியாது. என் முகத்தைப் பார்த்தே ஓட்டினார், மகராசன்.

எனக்கோ தாங்க முடியாத குஷி. நாற்பத்தாறு வயதில் முதன்முறையாக ஒருவர் என்னை நிபுணர் என்று நம்பிக் கூப்பிட்டிருக்கிறார். கூப்பிட்டவன் என் சித்தப்பா மகன் பெருமாள். கடிதத்தில் இப்படி எழுதியிருந்தான்: "தங்கண்ணே, நானும் தம்பி நாகுவும் ஒண்ணாயிட்டோம். வீட்டு நடுவிலே இருந்த தடுப்பைப் பிரிச்சாச்சு. ஆனா காவலுக்கு வந்த மச்சான்மார் ரெண்டு பேரும் போக மாட்டேங்கிறாங்க. உங்க பெர்லின்லயும் இதே கதைதானே? அங்கே அந்நியப் பட்டாளத்தை எல்லாம் எப்படி அனுப்பினாங்கன்னு நீங்க நேர்ல வந்து சொல்லணும்."

நான் பெர்லினில் பிரிட்டிஷ் பட்டாளத்தின் சாமான் கிடங்கில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவன். சுவர் விழுந்து, ஜெர்மனி ஒன்றாகி, நான்கு வருஷம் கழித்து, சென்ற செப்டம்பரில் பட்டாளம் மூட்டை கட்டியது. என் வேலையும் அதோடு மூட்டை கட்டியது. ஆகவே நேரத்துக்குப் பஞ்சமில்லை. டிசம்பர் குளிரிலிருந்து தப்பிக்கவும் ஒரு சாக்கு. கிளம்பிவிட்டேன்.

சித்தப்பா வீடு படகுத்துறைக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. நீளமான மரவீடு. ஏழு வருஷத்துக்கு முன்னால், சாமி மாடம் யார் பக்கம் இருப்பது என்பதில் தொடங்கிய சண்டையில், அண்ணனும் தம்பியும் வீட்டை நடுவில் தேக்குப் பலகை அடித்துப் பிரித்துக்கொண்டார்கள். கயிறு, தார்ப்பாய் விற்கிற கடையையும் அப்படியே. மேற்குப் பக்கம் பெருமாள், கிழக்குப் பக்கம் நாகு. "ராத்திரியிலே அவன் பலகையைத் தள்ளிவைப்பான்" என்று இருவருக்கும் பயம். பெருமாளின் மனைவி முனியம்மா கியாக்தானில் படகு கட்டிக்கொண்டிருந்த தன் தம்பி ராமையாவை வரவழைத்தாள். நாகுவின் மனைவி பாக்கியம் விட்டுக்கொடுப்பாளா? ஆற்றுக்கு அக்கரையில் டாலாவிலிருந்து தன் அண்ணன் கண்ணுசாமியைக் கொண்டுவந்தாள்.

நான் உள்ளே நுழைந்தபோது கூடம் திறந்து கிடந்தது. தரையில் பலகை நின்ற இடம் மட்டும் வெளுத்து, ஒரு கோடாக வாசலிலிருந்து அடுப்படி வரை ஓடியது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டில், அந்தப் பக்கம் ஒரு கட்டில். இந்தக் கட்டிலில் ராமையா, ஒல்லியாக, உளி பிடித்துக் காய்த்த கையோடு. அந்தக் கட்டிலில் கண்ணுசாமி, தொப்பையும் வெற்றிலை வாயுமாக. இருவரும் என்னைப் பார்த்து ஒரே நேரத்தில் எழுந்து, ஒருவர் எழுந்ததை மற்றவர் பார்த்து, ஒரே நேரத்தில் உட்கார்ந்துகொண்டார்கள்.

"பாத்தீங்களா?" என்றான் நாகு என் காதில். "இவர் போனா நான் போறேன்னு அவர். அவர் போனா நான் போறேன்னு இவர். முந்தாநேத்து குளிக்கிற தொட்டி கிட்ட வாய்ச்சண்டை. இவங்க வாய்ச்சண்டைக்கு எங்க வீட்டுக்காரிங்க ரெண்டு பேரும் ரெண்டு நாளா பேசிக்கிறதில்லே. இன்னும் ஒரு மாசம் இப்படியே போனா அண்ணனும் நானும் மறுபடி ஆணியைத் தேட வேண்டியதுதான்."

பெர்லின் சுவரின் துண்டு என்று சொல்லி நான் பரிசாகக் கொண்டுபோயிருந்த சிமென்ட் சில்லை முனியம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கனமா நல்லா இருக்கு" என்று சொல்லி ஙாப்பி ஜாடி மூடியின் மேல் வைத்துவிட்டாள். உலக வரலாறு மீன் விழுதுக்குப் பாரமாகப் போயிற்று. கைகழுவப் பின்கட்டுக்குப் போனபோது அங்கே தேக்குப் பலகைகள் சுவரோரம் அழகாக அடுக்கியிருப்பதைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் சாக்கட்டியால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டிருந்தது. விறகுக்கா என்று கேட்டேன். பெருமாள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "சும்மா கிடக்கட்டும்ணே" என்றான்.

மறுநாள் காலையில் தெருமுனைத் தேநீர்க் கடை. முழங்கால் உயரத்துக்கு முக்காலி. மெட்ராஸில் பர்மா பஜார் பக்கம் அத்தோ நூடுல்ஸும் மொய்ங்கா சூப்பும் தின்று அதுதான் பர்மாச் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே மொய்ங்காவில் வாழைத்தண்டு வாசமும் மீன் வாசமும் மூக்கை ஆளுகின்றன. மேலே பருப்பு வடையை நொறுக்கிப் போடுகிறார்கள். இரண்டு கிண்ணம் காலி செய்தேன். பெருமாளின் மகள் செல்வி என் வாயையே பார்த்துச் சிரித்தாள். இருபது வயது, தெருவில் எல்லோருக்கும் அவள் மா சூ. தமிழ் புரியும், பேசும்போது பாதியில் பர்மியத்துக்குத் தாவிவிடுவாள்.

அங்கேதான் எதிர்த்த மாடி வீட்டில் குடியிருக்கிற கொரியாக்காரரைச் சந்தித்தேன். பெயர் கிம். ஊருக்கு வெளியே தையல் தொழிற்சாலையில் மேற்பார்வை. நான் பெர்லின்காரன் என்று தெரிந்ததும் முக்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். பாதி ஆங்கிலம், பாதி பர்மியம். செல்வி எனக்குத் தமிழில் சொன்னாள்.

"எங்க நாடும் ஒருநாள் ஒண்ணாகும். அப்போ தெற்கே இருக்கிற அமெரிக்கப் பட்டாளம் இருக்கணுமா, போகணுமா? எங்க வீட்டிலே நாலு அண்ணன் தம்பி. நாலு பேருக்கும் நாலு பேச்சு. உங்க ஊரிலே எப்படி?"

எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. மேசையைத் தட்டி விளக்கினேன். கிழக்கே ரஷ்யப் பட்டாளம், மேற்கே அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சுப் பட்டாளங்கள். நாடு ஒன்றானதும் ரஷ்யர்கள் நான்கு வருஷத்தில் போய்விட வேண்டும் என்று ஒப்பந்தம். அவர்கள் போகிற வரைக்கும் எங்கள் ஆட்கள் பெர்லினில் இருக்க வேண்டும் என்று ஜெர்மனியே கேட்டுக்கொண்டது. "ரஷ்ய பட்டாளம் போச்சு! அடுத்த வாரமே எங்க பட்டாளம்! பேண்டு வாத்தியம் என்ன, தீவட்டி என்ன, அணிவகுப்பு என்ன!"

செல்வி என் கையை அழுத்தினாள். "பெரியப்பா, மெதுவா. இங்கே ஆள்றவங்களும் அவங்கதான், அந்தச் சொல்லைச் சத்தமா சொல்லக்கூடாது." திரும்பிப் பார்த்தேன். பக்கத்து மேசையில் பேச்சு நின்றுபோயிருந்தது. அதற்கப்புறம் நாங்கள் பட்டாளத்துக்குப் பதில் 'மச்சான்' என்றே சொல்லிக்கொண்டோம். அமெரிக்க மச்சான், ரஷ்ய மச்சான். கிம்முக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துவிட்டது.

அதே உற்சாகத்தோடு மத்தியானம் சாப்பாட்டு வேளையில் வீட்டாருக்கும் சொன்னேன். நிபுணன் இல்லையா? வாயை அடக்க முடியவில்லை. "பெர்லினை விட்டுப் போயிட்டாங்க. ஆனா மேற்கு ஜெர்மனியிலே மட்டும் அமெரிக்காக்காரனும் பிரிட்டிஷ்காரனும் இன்னும் இருக்காங்க. ஜெர்மனி சம்மதத்தோட, விருந்தாளி மாதிரி" என்று ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்லித் தொலைத்தேன்.

முனியம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "மேற்கிலே இருக்கிறவங்க இருக்கலாமாமே! எங்க ராமையா கட்டில் மேற்குப் பக்கம்தானே கிடக்கு?"

"அப்போ கிழக்குன்னா இளக்காரமா?" என்று பாக்கியம் எழுந்துவிட்டாள். "எங்க அண்ணன் மட்டும் பெட்டியைத் தூக்கிட்டுப் போகணும், உங்க தம்பி விருந்து தின்னணுமா? ஜெர்மனியிலிருந்து வந்து ஓரவஞ்சனை பண்றீங்களே மாமா!"

சமாதானத்துக்கு வந்தவன் போரைத் தொடக்கிவிட்டேன். அன்று மாலைக்குள் கோட்டின் மேல் இரண்டு அரிசி மூட்டை வந்து உட்கார்ந்துகொண்டது. யார் வைத்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் என் கடைசி அஸ்திரம். அனுப்புவது முக்கியமில்லை, மரியாதையாக அனுப்புவதுதான் முக்கியம், பெர்லினில் அதைத்தான் செய்தார்கள் என்று சொல்லி, ஒரே நாளில், ஒரே நிமிஷத்தில், இரண்டு பேருக்கும் வழியனுப்பு விழா வைத்தேன். மாலை வாங்கினோம். நாகு எங்கிருந்தோ ஒரு பர்மியப் பறைக்காரரையும் ஊதுகுழல்காரரையும் கூட்டிவந்தான். தெரு முழுக்கக் கூட்டம். மச்சான்கள் இருவரும் பெட்டியோடு, கழுத்தில் மாலையோடு, ஒரே நேரத்தில் வாசற்படி இறங்கினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்போது செல்வி ஒரு தாம்பாளத்தோடு ஓடிவந்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர், நடுவில் எரிகிற சூடம். பெரியவர்களுக்கு மரியாதை செய்யும்போது ஆலாத்தி எடுப்பார்கள் என்று அவள் கோயிலில் பார்த்திருக்கிறாள். வரும்போது எடுப்பதா, போகும்போது எடுப்பதா என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? யாரும் தடுப்பதற்குள் கண்ணுசாமி முகத்துக்கு நேரே மூன்று சுற்றுச் சுற்றி, நெற்றியில் பொட்டும் வைத்துவிட்டாள்.

கண்ணுசாமி நின்றார். வெற்றிலையைத் துப்பினார். "ஆலாத்தி எடுத்துட்டாங்க. எடுத்தப்புறம் வெளியே போனா நல்லதா? உள்ளேதான் வரணும்" என்று திரும்பி, வலது காலை எடுத்துவைத்து, ஜம்மென்று வீட்டுக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். தெருமுனை வரைக்கும் போய்விட்ட ராமையா திரும்பிப் பார்த்தார். பெட்டியோடு ஓட்டமாக ஓடிவந்தார். "எனக்கும் எடு, மா சூ!" என்றார்.

பறைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. புதுமாப்பிள்ளை வந்துவிட்டார் என்று நினைத்தோ என்னவோ இன்னும் பலமாக அடித்தார். மாடியிலிருந்து கிம் கை தட்டினார். நான் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். செல்வி அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அவளைத் தேற்றுவதற்காகவே டாலாவுக்குப் படகில் கூட்டிப்போனேன். படகில் கோழி, வாழைத்தார், சைக்கிள், சந்நியாசி எல்லோரும் ஒரே டெக்கில். காடை முட்டை விற்கிற அம்மாள் என் மடியில் கூடையை வைத்துவிட்டுச் சில்லறை தேடினாள். அக்கரையில் இறங்கியதும் சைக்கா. நம் ஊர் ரிக்‌ஷா மாதிரி இல்லை. சைக்கிளின் பக்கத்தில் இரண்டு இருக்கை, முதுகோடு முதுகு ஒட்டி. ஒருவர் போகிற வழியைப் பார்க்கலாம், இன்னொருவர் வந்த வழியைப் பார்க்கலாம். நான் வந்த வழியைப் பார்த்துக்கொண்டு போனேன்.

"கண்ணுசாமி மாமா வீட்டைப் பாத்துட்டு வரலாம்" என்றாள் செல்வி. "அவர் ஏன் போக மாட்டேங்கிறார்னு எனக்குத் தெரியணும்."

சைக்காக்காரர் பெயரைக் கேட்டதும் சிரித்தார். அவர் சொன்னதைச் செல்வி மெல்லச் சொன்னாள்: "எந்த வீடு? நாலு கால்தான் நிக்குதுன்னு சொல்றார், பெரியப்பா."

உண்மைதான். சேற்று வயல் ஓரத்தில் நான்கு மரக்கால்கள். கூரை இல்லை, தரைப் பலகை இல்லை, சுவர் இல்லை. ஒரு காலில் யாரோ எருமையைக் கட்டியிருந்தார்கள். ஏழு மழைக்காலம் ஆள் இல்லாத வீடு வேறு எப்படி இருக்கும்? மூங்கில் தட்டியைக் காற்று கொண்டுபோயிற்றாம். மிச்சத்தை அக்கம்பக்கத்தார் அடுப்புக்குக் கொண்டுபோனார்களாம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பெர்லின் அணிவகுப்பைப் பற்றி ரங்கூன் முழுக்க அளந்தேனே, அதை நான் பார்க்கவே இல்லை. வேலை போன ஆத்திரத்தில் அன்றைக்கு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன். பட்டாளம் போக வேண்டும் என்று ஊரே பேசியபோது, போகக்கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்ட ஆள் நான். எனக்குச் சோறு அங்கேதான் இருந்தது. ரஷ்யச் சிப்பாய்கள் பலருக்கு ஊரில் திரும்பிப் போய் இருக்க வீடில்லை என்பதும், அதற்காக ஜெர்மனியே அங்கே வீடு கட்டிக்கொடுத்தது என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். பேண்டு வாத்தியத்தைப் பற்றி வாய் கிழியப் பேசினேன். இதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

திரும்பி வந்ததும் கண்ணுசாமியைத் தனியாகப் படகுத்துறைக்குக் கூட்டிப்போனேன். "டாலா போயிட்டு வந்தோம், மச்சான்" என்றேன்.

வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார். பர்மியர் மாதிரி மரியாதைக்கு 'ஊ' போட்டுத்தான் என்னைக் கூப்பிடுவார். "வான்னு கூப்பிட்டாங்க, வந்தேன். காவல் இருன்னாங்க, இருந்தேன். இப்போ போங்கிறாங்க. எங்கே போவேன்னு ஒருத்தர் கேக்கலியே, ஊ தங்கராசு. என் தங்கச்சி கூடக் கேக்கலே. நாலு காலை வச்சுக்கிட்டு நான் வீடு இருக்குன்னு எப்படிச் சொல்றது? வெக்கமா இருக்குது."

அன்று சாயந்திரம் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்துச் சொன்னேன். அணிவகுப்பைப் பார்க்காததையும் சேர்த்தே சொன்னேன். பாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள். "அவருக்குத் தரை போடணும், சுவர் வைக்கணும். மரம் நம்மகிட்டயே இருக்கு. பின்கட்டிலே" என்றேன்.

பெருமாள் நாகுவைப் பார்த்தான். நாகு தரைக்கோட்டைப் பார்த்தான். எண் போட்டு அடுக்கியிருந்த அந்தப் பலகைகள் எதற்கு என்று அப்போதுதான் எனக்குச் சந்தேகமில்லாமல் புரிந்தது. ஒன்றாகிவிட்டோம் என்று கடிதம் எழுதியவர்கள், மறுபடி அடிக்க வேண்டி வந்தால் ஒரு மணி நேரத்தில் அடித்துவிடலாம் என்று வரிசை மாறாமல் வைத்திருக்கிறார்கள். ஒருவர் கூட அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

"நல்ல தேக்குண்ணே…" என்றான் பெருமாள்.

"ஆமா, நல்ல தேக்கு" என்றான் நாகு.

என் நம்பிக்கை போய்விட்டது. அப்போது பெருமாள் எழுந்து பின்கட்டுக்குப் போனான். முதல் பலகையை இழுத்து நிறுத்தி, அதிலிருந்த எண்ணை லுங்கி நுனியால் தேய்த்து அழித்தான். நாகு ஓடிப்போய் இரண்டாவதை அழித்தான். அப்புறம் அண்ணனும் தம்பியும் போட்டி போட்டுக்கொண்டு அழித்தார்கள். சாக்கட்டித் தூளில் இருவருக்கும் தும்மல் வந்து, சிரிப்பு வந்து, பெருமாள் நாகுவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். முனியம்மா பாக்கியத்தின் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் குழந்தை மாதிரி கை தட்டினேன், வெட்கமில்லாமல்.

ராமையா ஒரு பலகையைத் தூக்கி, கண்ணை இடுக்கி நேர் பார்த்தார். ஏழு வருஷத்தில் முதல்முறையாகச் சண்டைக்கு இல்லாமல் கண்ணுசாமியிடம் பேசினார். "உன் கால் நாலும் உறுதியா இருக்கா? உளுத்திருந்தா இது தாங்காது. நான் வந்து பாக்கணும்."

"நீ வருவியா?"

"படகு கட்டறவனுக்கு வீடு கட்டத் தெரியாதா?"

மறுநாள் முதல் படகில் பலகைகள் ஏறின. கிம் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து ஒரு முனையைப் பிடித்தார். "எங்க அண்ணன்மாருக்குக் கடிதம் எழுதப் போறேன்" என்றார். "மச்சான் இருக்கணுமா போகணுமான்னு பேசறதுக்கு முன்னாலே, எங்கே போவான்னு கேளுங்கன்னு." டாலாவில் ஒரே ஒரு சைக்காதான் கிடைத்தது. ராமையாவும் கண்ணுசாமியும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து, குறுக்கே இரண்டு பலகையை மடியில் தாங்கிக்கொண்டு போனார்கள். ஒருவர் முன்னால் பார்த்துக்கொண்டு, "பள்ளம் வருது, பிடிச்சுக்க" என்றார். மற்றவர் பிடித்துக்கொண்டார்.

மூன்று நாள் அடித்தோம். என் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. பாக்கியம் சமைத்த வெங்காயப் பச்சடியும் முனியம்மா கொண்டுவந்த மீன் குழம்பும் ஒரே இலையில் விழுந்தன. நான் விமானம் ஏற வேண்டிய நாள் காலையில் தரை முடிந்தது, மூன்று பக்கம் சுவர் முடிந்தது, கூரைக்குத் தகரம் ஏறியது. நாலாவது பக்கத்துக்குப் பலகை போதவில்லை. மூங்கில் தட்டி வைத்தார்கள்.

"அவ்வளவுதான், ஒண்ணுகூட மிச்சமில்லை" என்றான் பெருமாள், கையைத் தட்டிக்கொண்டு. "இனிமே உன்கிட்ட சண்டை போட்டா எங்கேடா போறது?"

"வெளியே போய் மழையிலே நில்லு" என்றான் நாகு.

கண்ணுசாமி பெட்டியோடு வாசலில் நின்றார். செல்வி தாம்பாளத்தோடு வந்தாள். சூடம் ஏற்றுவதற்கு முன் என்னைப் பார்த்து, "பெரியப்பா, இப்போ எடுக்கலாமா? சரிதானே?" என்று கேட்டாள்.

"இப்போதாம்மா எடுக்கணும்" என்றேன்.

மூன்று சுற்றுச் சுற்றிப் பொட்டு வைத்தாள். கண்ணுசாமி வலது காலைத் தூக்கினார். தூக்கிய காலை வைக்காமல் திரும்பிப் பார்த்தார். ராமையா தன் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, அக்கரையில் கியாக்தான் பஸ்ஸைப் பிடிப்பதற்காகப் படகுத்துறைப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தார்.

"ஏய் ராமையா!" என்று கத்தினார் கண்ணுசாமி. "இங்கே வந்து பக்கத்திலே நில்லு. உனக்கும் எடுக்கணும், அவ தாம்பாளம் இன்னும் காலியாகலே!"